மூன்று அடுப்படிகளில் பார்த்த பிறகு

4 ஜூன் 1979

புது நோட்டு. முதல் பக்கத்திலேயே நான் யார் என்று எழுதி வைத்துவிடுகிறேன். செத்த பிறகு பழைய பேப்பர்க்காரன் எடைக்குப் போடும் முன் படித்துப் பார்க்கட்டும்.

பெயர் ரோசலி. வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை, இனி யாரும் கேட்கப் போவதுமில்லை. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன், ஆயாவுக்கு மேலே, நர்சுக்குக் கீழே. அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். அம்மா போய்ச் சேர்ந்தாள். வேலை திரும்பி வரவில்லை. காரைக்கால் கோவில்பத்தில் அண்ணன் லெயோன் வீட்டின் பின்கட்டு அறை எனக்கென்று ஆயிற்று.

அண்ணனுக்கு டவுனில் ஓர் அச்சகம். அங்கிருந்து 'அரசலாறு' என்று ஒரு மாத இதழ் நடத்துகிறார். அதில் ஏழாம் பக்கம் என்னுடையது. 'அன்றாடச் சாப்பாடு.' ஆறு வருஷமாக எழுதுகிறேன். டாக்டருக்குப் படிக்காதவள் எழுதுவதால் எனக்கு நானே சில கெடுபிடிகள் வைத்துக்கொண்டேன். தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். விற்கிறவர்கள் கையிலிருந்து ஒரு பிடி உளுந்துகூட வாங்கக் கூடாது. எதைப் பற்றி எழுதினாலும் முதலில் மூன்று அடுப்படிகளில் போய் நின்று பார்க்க வேண்டும் - எங்கள் வீடு, டவுனில் சுல்தான் பீவி வீடு, போலகத்தில் நீலாயதாட்சி வீடு. தப்பாக எழுதிவிட்டால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தப்பு என்று போட வேண்டும். ராத்திரியில் கீரை ஆகாது என்று உளறிவிட்டு 75இல் ஒருமுறை அப்படிப் போட்டேன். ஊரே சிரித்தது. சுல்தான் பீவி மட்டும், "இதுக்கு மேல ஒங்க பக்கத்தை நம்பலாம் புள்ளெ" என்றார். அவரை எல்லோரும் அக்கா என்கிற மாதிரி லாத்தா என்பார்கள், நானும் அப்படித்தான்.

பக்கத்தின் அடியில் மாதாமாதம் ஒரு வரி வரும். "யாரிடமும் எதையும் வாங்காமல், மூன்று அடுப்படிகளில் பார்த்த பிறகு எழுதியது." கம்போசிட்டர் மாரிக்கண்ணு இதை ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கோர்ப்பதில்லை. ஒரே தடவை கோர்த்து, நூலால் இறுகக் கட்டி, ஜன்னல் மேட்டில் வைத்திருக்கிறார். மற்ற ஈய எழுத்தெல்லாம் அச்சானதும் பிரிந்து அறை அறையாகப் போய்விடும். இந்த வரி மட்டும் பிரியாது.

இன்று முருங்கைப்பூ. அண்ணி முட்டையோடு வதக்கினாள். லாத்தா வீட்டில் பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும். நீலாயதாட்சி சென்னாக்குன்னிப் பொடி இறால் போட்டுப் புளிக்குழம்பு. மூன்றையும் தின்றுவிட்டு உட்கார முடியவில்லை.

11 ஜூன்

கூடம் போய்விட்டது. லாரியில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. அப்பாவின் சாய்வு நாற்காலி கொல்லைப் பக்கம் போய்விட்டது. பெட்டி நிறைய டப்பா. 'செல்லமணி' என்று ஒரு குழந்தை மாவு. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரே குண்டுக் குழந்தை. காரைக்கால் முழுவதற்கும் அண்ணன்தான் ஏஜெண்டாம்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னார். கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் கும்பகோணத்துப் புது மெஷினுக்குப் போய்விட்டதாம். இது இல்லாவிட்டால் அச்சகத்தைப் பூட்ட வேண்டியதுதானாம். "மாரிக்கண்ணுவை எங்க அனுப்புறது, நீயே சொல்லு."

நான் எங்கே சொல்ல?

"ஒன்னைய ஒண்ணும் புகழச் சொல்லல ரோசலி. டப்பா பேரே வேணாம். ஆறு மாசத்துக்கு மேல புள்ளைக்குத் தாய்ப்பாலு மட்டும் பத்தாது, தானியம் பருப்பு எல்லாம் சேரணும்னு எழுது. அது உண்மைதானே?"

உண்மைதான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொய் எழுதச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

12 ஜூன்

காலையில் அண்ணன் தானே என் காப்பியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் செய்வதுதான். இன்று ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது?

16 ஜூன்

அண்ணன் மகள் ழிசெல் வந்து இறங்கினாள், தலைப்பிரசவத்துக்கு. புருஷன் பிரான்சில், துலோன் துறைமுக வேலையை விட்டு வர முடியாதாம். ஏழு மாத வயிற்றோடு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நடந்து வந்து, "என்ன அத்தை, வீட்டையே குடோனாக்கிட்டீங்க" என்றாள். அண்ணி மரி-ரோஸ் அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு ஒரே ஓட்டம். மீன் வாங்க, மருத்துவச்சியைப் பார்க்க, படுக்கை போட.

19 ஜூன்

மாவுக் கட்டுரையை எழுதி முடித்தேன். கேழ்வரகு, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு - வறுப்பது, அரைப்பது, காய்ச்சுவது. வீட்டிலேயே செய்யலாம் என்று கடைசியில் ஒரு பத்தி முழுக்க. டப்பா என்ற சொல்லே இல்லை.

ஒன்றை இங்கே எழுதிவிட வேண்டும். இந்தத் தடவை எந்த அடுப்படிக்கும் போகவில்லை. நேரமில்லை. அதோடு இது எனக்குத் தலைகீழாகத் தெரிந்த விஷயம். ஒரு தடவைதானே.

30 ஜூன்

இதழ் வந்தது.

என் கடைசிப் பத்தி இல்லை. வறுப்பது, அரைப்பது, ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் நான் எழுதாத ஒரு வாக்கியம்: "இவையெல்லாம் சேர்ந்த மாவு இப்போது டப்பாவிலும் கிடைக்கிறது." எதிர்ப் பக்கத்தில் முழுசாக அந்தக் குண்டுக் குழந்தை. என் பக்கத்தின் அடியில் என் பெயர். பெயருக்குக் கீழே, நூல் கட்டிய வரி, எழுத்துப் பிசகாமல்.

"எடம் பத்தல, நாலு வரி எடுத்தேன்" என்றார் அண்ணன். "சேத்ததுல என்ன பொய்? டப்பாவுல கெடைக்குதுதானே?"

கிடைக்கிறது. எங்கள் கூடத்திலேயே கிடைக்கிறது.

அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அந்த வரியைப் பொய்யாக்கியது அவர் இல்லை, நான். பத்தொன்பதாம் தேதியே.

9 ஜூலை

மாங்கனித் திருவிழா. சுவாமி வீதியில் வர, மாடிகளிலிருந்து மாம்பழம் பறந்தது. ஜனம் கையை நீட்டிக்கொண்டு குதித்தது. கடைத்தெருவில் அண்ணன் பந்தல் போட்டிருந்தார். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கெல்லாம் சின்ன டப்பா ஒன்று இலவசம். ழிசெல்லுக்கு வேடிக்கை காட்டலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன்.

போகாமலிருந்திருக்கலாம்.

ஒவ்வொரு டப்பாவையும் சுற்றி ஒரு காகிதம். என் ஏழாம் பக்கம். தனியாக ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறார், வரியோடு சேர்த்து.

கூட்டத்தில் நீலாயதாட்சி. முந்தானையில் இரண்டு பழம், இடுப்பில் அவள் பிள்ளை, ஆறு மாதம், கன்னம் பிதுங்கிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

"ரோசலிம்மா! நீங்க எழுதுனதுதானே? கடேசி வரியையும் பாத்துட்டேன், அடுப்படியில பாத்துட்டுன்னு இருக்கு" என்று சிரித்தாள். அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி என் பக்கம் முழுவதையும் படித்துவிடுவாள்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, "வாங்காதே, வீட்டு மாவே போதும்" என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் நாலு அடியில் நின்றுகொண்டிருந்தார். வேர்வையைத் துடைத்தபடி, எல்லாக் குழந்தைகளையும் பெயர் கேட்டுக் கொஞ்சிக்கொண்டு. நானும் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

14 ஜூலை

பிரான்சின் தேசிய நாள் என்று பழைய பிரெஞ்சு சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் போய்வந்தார். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பொய்யே ஒரு பழக்கமாகிவிடும் போலிருக்கிறது.

5 ஆகஸ்ட்

பெண். செசில் என்று பெயர் வைக்கப் போகிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். அண்ணன் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். இன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

22 ஆகஸ்ட்

மதராஸ் பத்திரிகை ஒன்றுக்கு ரகசியமாக அனுப்பிய கட்டுரை திரும்பிவிட்டது. உணவு பற்றிப் பட்டம் பெற்றவர்கள் எழுதுவதைத்தான் வெளியிடுவார்களாம். நியாயம்தான். பட்டம் இல்லை, வேலை இல்லை, எனக்கு இருப்பது இந்த ஏழாம் பக்கம் ஒன்று. அது அண்ணனுடைய காகிதம், அண்ணனுடைய மை.

இங்கிருந்து பஸ் ஏறலாம். நாகப்பட்டினத்துக்கா, மாயவரத்துக்கா? இறங்கி எந்த வீட்டுக்குப் போவது? வயது நாற்பத்து நாலில் யார் வீட்டுப் பின்கட்டில்?

இந்த மாதம் புளிச்சக்கீரை பற்றி எழுதினேன். இரண்டு அடுப்படிதான் பார்த்தேன். போலகத்துக்குப் போகக் கால் எழவில்லை. ஆனாலும் வரி வந்தது.

18 செப்டம்பர்

தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

இன்று போலகம் போனேன். திருமலைராயன்பட்டினத்தில் இறங்கி நடந்து. நீலாயதாட்சி அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன்.

கிண்ணத்தில் இருந்தது மாவுக் கஞ்சி இல்லை. கழுநீர். அடி தெரிந்தது.

"ஒரு டம்ளருக்கு எத்தனை கரண்டி போடுற?"

"ஒண்ணும்மா. டப்பாவுல நாலுன்னு போட்டிருக்கு. நாலு போட்டா ஒரு வாரம் வருமா? எங்க வூட்டுக்கு அவ்வளவுதான் தோது. ஒண்ணு போட்டாலும் டப்பா மாவு டப்பா மாவுதானே."

"கேழ்வரகு? மீனைப் பெசஞ்சு சோறு?"

"அதெல்லாம் நிறுத்திட்டேன். இதுல எல்லாம் சேந்திருக்குன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க."

பிள்ளையின் மேல்கையைப் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றிவந்து ஒன்றை ஒன்று தாண்டிப் போயின. மூன்று நாளாக வயிற்றுப்போக்கும் இருந்திருக்கிறது.

கத்திவிட்டேன். "ஏண்டி, என்னையக் கேட்டிருக்கக் கூடாதா? நாலுன்னா நாலு போடணும்னு தெரியாதா?" அவளைத்தான் கத்தினேன். அவளை! அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அடுப்பு மேட்டில், பூசணங்காய்க்குப் பக்கத்தில், டப்பாக் காகிதம் நாலாய் மடித்து வைத்திருந்தது. என் பக்கம்.

பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்து வந்தேன். எடையே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

19 செப்டம்பர்

அண்ணனிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. சாயங்காலம் ஒரு பை சாத்துக்குடி வாங்கிவந்து, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். அதையும் என் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

25 செப்டம்பர்

பிள்ளை பிழைத்துக்கொண்டான். கடவுளே.

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். போலகம் வரை கூடவே போனேன். வாசலில் நீலாயதாட்சி திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீங்க செஞ்ச ஒதவியெல்லாம் மறக்க மாட்டேம்மா. ஆனா அடுப்படிக்குள்ள இனிமே வர வேணாம். வெளியிலயே இருங்க."

வெளியிலேயே இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

27 செப்டம்பர்

எழுதிக் கொண்டுபோய் அண்ணன் மேசையில் வைத்தேன். பத்தே வரி. ஜூலை இதழில் வந்தது பார்க்காமல் எழுதியது, டப்பா மாவைத் தண்ணீராகக் கரைத்தால் பிள்ளை நோஞ்சானாகும், வீட்டு மாவை நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "டப்பாவுல போட்டிருக்குறபடி கலக்காதது யாரு தப்பு?"

"அவ தப்பாண்ணே?"

"நான் அப்படிச் சொல்லல. இதைப் போட்டா ஏஜென்சி போயிடும். அதோட ஒன் பேரும்ல கெட்டுப்போவும்."

"கெடட்டும்."

"எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்குங்கிறியா? ஒனக்குச் சோறு போடுற எடம் இது, ரோசலி." சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. சொல்லியாகிவிட்டது. காகிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார், கிழிக்கவில்லை.

அடித்திருந்தால்கூடத் தேவலை.

28 செப்டம்பர்

அண்ணி சோறு போட்டாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

8 அக்டோபர்

அடுத்த சரக்கு வந்துவிட்டது. அதைச் சுற்றவும் என் பக்கம்தான் அச்சாகப் போகிறது. நான் நின்றுவிட்டாலும் பழைய பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எழுதினாலும் அந்த வரி டப்பாவுக்குச் சாட்சி சொல்லும், எழுதாவிட்டாலும் சொல்லும். நல்ல பொறி. நானே வைத்துக்கொண்டது.

ஆறு வருஷமாக அந்த வரியை எவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்கிறேன்! ஊரில் யாராவது பேச்சோடு பேச்சாக அதைச் சொல்லிவிட்டால் அன்று முழுக்கத் தரையில் நடக்க மாட்டேன்.

22 அக்டோபர்

செய்துவிட்டேன்.

அண்ணன் சாப்பாட்டுக்குக் கிளம்பிய நேரம் பார்த்து அச்சகத்துக்குப் போனேன். மாரிக்கண்ணு பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் மேட்டிலிருந்து அந்த வரியை எடுத்து அடியில் வைக்கப் போனார்.

"அதை வைக்காதீங்க."

"ஏம்மா?"

"அது பொய்யி. பொய்யின்னு அச்சடிக்கத்தான் எனக்கு உரிமையில்ல. பொய்யை அச்சடிக்காம இருக்கலாம்ல."

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். "மொதலாளி கேட்டா?"

"நான் பிரிச்சேன்னு சொல்லுங்க. நெசமாவே நான்தான் பிரிக்கப் போறேன், குடுங்க."

நூல் எண்ணெயும் மையும் ஏறிக் கம்பியாகக் கிடந்தது. "ஆறு வருஷமா நூலைக்கூட மாத்தல" என்றார் மாரிக்கண்ணு. அவிழ்த்தேன். எழுத்துகள் சாய்ந்தன. 'யா' எந்த அறை, 'மூ' எந்த அறை என்று அவர் விரலால் காட்டக் காட்ட ஒவ்வொன்றாகப் போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. டப்பாக் காகிதத்துக்கும் இனி வரி கிடையாது.

நூலை எடுத்துவந்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

31 அக்டோபர்

நவம்பர் இதழ் வந்துவிட்டது. ஏழாம் பக்கத்தில் கொள்ளு. அடியில் வெள்ளைக் காகிதம். அண்ணன் டப்பாப் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அண்ணி பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

இவ்வளவுதானா? யாருக்கும் தெரியாத ஒரு வெள்ளை இடத்துக்காகவா நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது?

12 நவம்பர்

மழை. அச்சகத்துக்குத் தபால் அட்டைகள் வந்திருக்கின்றன. ஒன்பது. பட்டினச்சேரியிலிருந்து ஒருவர், கடைசி வரியை எலி தின்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறார். ஒரு டீச்சர், இந்த மாதம் வேறு யாராவது எழுதினார்களா என்று. லாத்தாவின் மகள் ரோஷன் பேகம் எழுதியது மட்டும் உறையில், மணிமணியான கையெழுத்து:

"உம்மா கேட்கச் சொன்னார்கள். இந்த மாதம் பார்க்காமல் எழுதினீர்களா, வாங்கிக்கொண்டு எழுதினீர்களா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அதுவரை வீட்டில் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்கிறார்கள்."

நான்கு தடவை படித்தேன். லாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படிக்கக் கேட்பார். கடைசி வரி வரவில்லை என்று காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

13 நவம்பர்

அண்ணன் ஒன்பதையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "ஒரு வரிய யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்" என்றார். கடைக்காரர்கள் இரண்டு பேர் டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"மறுபடி கோத்துப் போடச் சொல்லு."

"போலகத்து அடுப்படிக்குள்ள என்னைய விட மாட்டேங்குறாண்ணே. மூணுன்னு எப்படிப் போடுறது?"

"அப்ப ரெண்டுன்னு போடு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இனி ஏழாம் பக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

30 நவம்பர்

ஏழாம் பக்கத்திலும் குண்டுக் குழந்தை.

17 டிசம்பர்

மழை விடவில்லை. வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் மரியாதையாக இருக்கிறோம். உப்பு வேண்டுமா, வேண்டும். கதவைச் சாத்தவா, சாத்து. இப்படியே ஒருவர் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கலாம்?

25 டிசம்பர்

செசில் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

11 ஜனவரி 1980

அட்டை எழுதியவர்களுக்கு ஒவ்வொருவராகக் கையால் பதில் எழுதி முடித்தேன். பார்க்காமல் எழுதினேன், அண்ணன் ஏஜெண்ட், வரி பொய் ஆகிவிட்டது, அதனால் எடுத்தேன். ஒன்பது பேருக்குச் சொல்லியாயிற்று. டப்பாக் காகிதம் எத்தனை ஆயிரம் போனது?

7 பிப்ரவரி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

செசிலுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. காலையில் அண்ணி கூடத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து, மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். பாதி கிளம்பிவிட்டது. அண்ணன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

"அது வேணாம்" என்றார்.

அண்ணி நிமிர்ந்தாள். ழிசெல், "ஏம்பா? நாமதானே விக்கிறோம்?" என்றாள்.

அவர் பேத்தியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீ என்ன குடுக்கச் சொல்ற, ரோசலி?"

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். போலகத்துப் பிள்ளையின் கை என் விரலுக்குள் வந்து நின்றது. அவனுக்கு ஆகும், உங்கள் பேத்திக்கு ஆகாதா? கேட்கவில்லை. அந்த மனுஷர் முகத்தில் அது ஏற்கெனவே இருந்தது.

"மூணு அடுப்படியில கேட்டுட்டுத்தான் சொல்லுவேன், அண்ணே. மூணாவது அடுப்படிக்குள்ள போவணும்னா அந்தப் பத்து வரி அச்சாவணும்."

குழந்தை அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகப் பொத்தானை அதன் வாயிலிருந்து விடுவித்தார்.

"எவ்வளவு எடம் வேணும்?"

"அதே பக்கம். அதே அளவு எழுத்து."

9 பிப்ரவரி

போலகம். வெளியிலேயே நின்று சொன்னேன். நீலாயதாட்சி நெல் புடைத்துக்கொண்டே கேட்டாள். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் இன்னும் குச்சிதான்.

"அச்சடிச்சுக் கொண்டாங்க ரோசலிம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

சரியாகத்தான் கேட்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

20 பிப்ரவரி

இழுப்பறையிலிருந்து அண்ணனே எடுத்துக் கொடுத்தார், மடிப்புக் கலையாமல். அதில் இரண்டு வரி சேர்த்தேன்: இந்த இதழை நடத்துபவர் அந்த மாவின் ஏஜெண்ட், ஒரு பிள்ளை ஆஸ்பத்திரி வரை போய் வந்தான். புரூஃபில் அண்ணன் பேனா அந்த இடத்தில் நின்றது.

"என் பேரையும் போடணுமா?"

"போடணும்."

பேனாவை மூடினார். "போடு."

1 மார்ச்

வந்துவிட்டது. டப்பாக்கள் கூடத்தில்தான் இருக்கின்றன. குண்டுக் குழந்தை பின் அட்டைக்குப் போயிருக்கிறது, ஓடிப்போகவில்லை. நானும்தான், அதே பின்கட்டு அறையில். ஏஜென்சிக்காரர்கள் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

2 மார்ச்

இதழைக் கையில் கொடுத்தேன். நீலாயதாட்சி வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெயில் உச்சியில். எந்த வரியில் இருக்கிறாள் என்று அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்தது. 'ஒரு பிள்ளை' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முடித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காலைக் கழுவிட்டு வாங்க. கேவுரு வறுத்துக்கிட்டிருக்கேன், கருகிடும்."

4 மார்ச்

செசிலுக்கான மாவை எழுதிவிட்டேன், ஏப்ரல் பக்கத்துக்கும் அதுவே. வரியை மறுபடி கட்ட, நோட்டுக்குள் இருந்த நூலை மாரிக்கண்ணுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுசு வாங்கலாமே என்றார். வேண்டாம், இதுவே போதும் என்றேன்.